பொடி விலையில் உங்கள் கூலி எங்கே?

கேள்வி: திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி, 2 ஏப்ரல் 2024

வீட்டுலயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி போட்டு விக்கிறேன். கிலோ 260 ரூபாய். நல்லாருக்குன்னு சொல்றாங்க, ஆர்டரும் வருது. ஆனா மாசக் கடைசியில கையில ஒண்ணும் நிக்கல. "சும்மா இருக்குற நேரத்துல செய்யிறதுதானே, வந்தவரைக்கும் லாபம்"னு வீட்டுல சொல்றாங்க. எங்க கோளாறு?

2 ஏப்ரல், இரவு

விலையில்தான் கோளாறு. என் அடுப்படிக் கணக்கைத் தருகிறேன், உங்களுடையதோடு ஒத்துப் பாருங்கள்.

ஒரு கிலோ இட்லிப் பொடிக்கு உளுந்து அரைக் கிலோ 70 ரூபாய், கடலைப்பருப்பு கால் கிலோ 25, மிளகாய் வத்தல் 150 கிராம் 33, எள் 50 கிராம் 12. பெருங்காயம், கல் உப்பு, கறிவேப்பிலை, வறுக்க எண்ணெய் எல்லாம் சேர்த்து 15. சரக்கு மட்டும் 155 ஆச்சு. மில்லில் அரைக்க 20. இருநூறு கிராம் கவர் ஐந்து, ஸ்டிக்கரோடு 20. கேஸ் 15. மொத்தம் 210.

இதுவரை எல்லோரும் போடுகிற கணக்கு. அடுத்த வரியை யாரும் எழுதுவதில்லை. ஐந்து கிலோ பொடிக்கு உளுந்தில் கல் பொறுக்கி, வத்தலுக்குக் காம்பு கிள்ளி, ஒவ்வொன்றாக வறுத்து, ஆறவைத்து, மில்லில் வரிசையில் நின்று, வந்து மறுபடி ஆறவைத்து, நிறுத்து, சீல் வைத்து முடிக்க ஐந்து மணி நேரம் பிடிக்கும். நூறு நாள் வேலையில் 2024-25-க்கான ஒரு நாள் கூலி 319. எட்டு மணி நேரத்துக்கு அது என்று வைத்தால்கூட ஐந்து மணி நேரத்துக்கு 200 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைய வரும். கிலோவுக்கு 40. ஆக அடக்கம் 250. நீங்கள் விற்பது 260. அந்தப் பத்து ரூபாயை ருசி பார்க்கக் கொடுத்த பாக்கெட்டும், "அடுத்த மாசம் தர்றேன்" என்று வாங்கிப் போனவர்களும் கொண்டுபோய்விடுகிறார்கள்.

விலையை 350 ஆக்குங்கள். நாளைக்கே.

3 ஏப்ரல்

319 எங்கிருந்து வந்தது, 294 தானே என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 294 போன வருஷத்துக் கூலி. 2024 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டுக்கு 319. நான் அதை எடுத்துக்கொண்டது அது சரியான கூலி என்பதற்காக அல்ல. அதற்குக் கீழே எந்தப் பெண்ணும் தன் உழைப்பை மதிப்பிடக் கூடாது என்பதற்காக. மதுரையில் வில்லாபுரம், ஜெய்ஹிந்துபுரம் பக்கம் அப்பளக் கம்பெனிகளுக்குப் போகிற அக்காமார்களுக்குக் கூலி என்ன என்று சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை தெரிந்துவிடும். வீட்டில் இருந்து செய்கிறவளுக்கு மட்டும் தன் கூலி என்னவென்று எந்தக் கிழமையிலும் தெரிவதில்லை.

இன்னொன்று. பொடியை ஏன் இரண்டு தடவை ஆறவைக்க வேண்டும் என்று கேட்டவருக்கு: மில்லில் இருந்து வரும் பொடி கையில் சுடும். அப்படியே கவரில் போட்டால் உள்ளே வேர்த்து, மூன்றாம் நாள் கட்டி தட்டி, பிறகு பூசணம். பழைய செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை ஒட்டும். சுத்தமான வெள்ளை வேட்டித் துணியில் பரப்புங்கள். நடுவில் குவிக்காமல் ஓரம் வரைக்கும் இழுத்துவிட்டு, விரலால் கோடு போட்டு வைத்தால் சீக்கிரம் ஆறும்.

மில்லுக்குப் போகும் நேரமும் முக்கியம். நமக்கு முன்னால் மசாலா அரைத்திருந்தால் நம் பொடியில் பட்டை வாசம் அடிக்கும். காலையில் கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய்விடுவது நல்லது.

8 ஏப்ரல்

"தொழில் பேசுற இடத்துல அரசியல் வேண்டாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நூறு நாள் கூலியைச் சொன்னதற்கே இப்படி. அண்ணே, எங்கள் மதினிக்குப் போன வாரம் நடந்ததைக் கேளுங்கள்.

மதினி சின்னதாக ஒரு பொடி அரைக்கும் மிஷின் வாங்கக் கோயம்புத்தூர் கிளம்பினார். கையில் 62,000 ரூபாய். நகையை வைத்தது பாதி, சீட்டு எடுத்தது பாதி. போகிற வழியில் ஓரிடத்தில் தேர்தல் சோதனை, வண்டியை நிறுத்திவிட்டார்கள். நாடாளுமன்றத் தேர்தல் தேதி அறிவித்த மார்ச் 16-லிருந்து நடத்தை விதி அமலில் இருந்தது; 50,000-க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் கணக்குக் காட்ட வேண்டும். "மிஷின் வாங்கப் போறேன்" என்கிறார் மதினி. "பில் எங்கே?" என்கிறார்கள். வாங்கப் போகிற மிஷினுக்கு எப்படி பில் இருக்கும்? மதினி பையைக் கவிழ்த்து, மிஷின் கடையில் அரைத்துப் பார்ப்பதற்காக எடுத்துப் போன வறுத்த உளுந்து, வத்தல் எல்லாவற்றையும் வண்டி மேலே வைத்துக் காட்டியிருக்கிறார். வத்தல் நெடியில் கூட இருந்த போலீஸ்காரர் நிறுத்தாமல் தும்ம, அந்த இடமே சிரிப்பாகிவிட்டது. ஆனாலும் பணத்தை எடுத்துக்கொண்டு ரசீது கொடுத்துவிட்டார்கள்.

அடகுச் சீட்டு, சீட்டுக் கம்பெனி பாஸ்புக் எல்லாம் காட்டியபின் பணம் திரும்பி வந்தது. அதற்குள் அலைந்த அலைச்சலுக்கு யார் பொறுப்பு? ரொக்கத்தில் வாழ்கிறவர்கள் சிறு வியாபாரிகள். விதி தேவைதான், ஓட்டுக்குப் பணம் கொடுப்பதை நிறுத்தத்தான் வேண்டும். அது மதினியின் சுருக்குப் பையில் போய் நிற்கிறதே என்பதுதான் என் ஆற்றாமை.

தேர்தல் நேரத்தில் வெளியூர் போகிறவர்கள் வங்கியில் எடுத்த சீட்டு, அடகுச் சீட்டு, மிஷின் கடையில் எழுதி வாங்கிய விலைப்பட்டியல் மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

10 ஏப்ரல்

அரசியல் வேண்டாம் என்றவர் மறுபடியும் வந்து, "வீட்டுப் பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்" என்கிறார். நம் அழகர்கோவில் பக்கம் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மாவைத் தெரியாதா? கூலி வேலை பார்த்தவர், பள்ளிக்கூடம் போகாதவர். களஞ்சியம் என்ற சேமிப்புக் குழுக்களை ஊர் ஊராகக் கட்டினார். கந்துவட்டிக்காரனிடம் போகாமல் பெண்கள் தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்ளப் பழக்கினார். 2001-இல் டெல்லியில் ஸ்த்ரீ சக்தி விருது கொடுக்கும்போது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ. எங்கள் குழுவில் கூட்டம் தொடங்கும்போதெல்லாம் அந்தக் கதையை யாராவது ஒருத்தி புதுப்பெண்ணுக்குச் சொல்லுவாள். பத்து பெண்கள் சேர்ந்து தங்கள் பணத்தைத் தாங்களே எண்ணுவதைவிடப் பெரிய அரசியல் எனக்குத் தெரிந்து இல்லை.

20 ஏப்ரல்

நேற்று ஓட்டுப் போட்டாயிற்று. விரல் மையோடு மாவு பிசையலாமா என்று கேட்காதீர்கள், நான் பிசைந்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை.

பிரசாரத்தின் கடைசி நாளில் எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்த பையனை அத்தை பிடித்துக்கொண்டார். மொட்டை மாடியில் கூழ் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது, காக்கா தொல்லை. "ஓட்டுப் போடுறேன்யா. நான் குளிச்சிட்டு வர்ற வரைக்கும் இந்தக் குச்சிய வச்சுக்கிட்டு உக்காரு" என்று சொல்லிக் கீழே இறங்கிவிட்டார். அந்தப் பையனும் கட்சித் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நல்ல வெயிலில் உட்கார்ந்திருந்தான். மாற்றுக் கட்சிக்காரர்கள் தெருவில் போகும்போது மேலே பார்த்து, "என்னப்பா, காக்கா ஓட்டையும் கேக்குறியா?" என்று கத்தினார்கள். அத்தை வந்து அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பினார். யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று இதுவரை வாயைத் திறக்கவில்லை.

2019-இல் ஓட்டும் மீனாட்சி தேரும் ஒரே நாள், ஏப்ரல் 18. மதுரைக்கு மட்டும் இரவு 8 மணி வரை வாக்குப்பதிவு வைத்தார்கள். இந்தத் தடவை தேர் 22, அழகர் ஆற்றில் இறங்குவது 23. ஓட்டு வேறு, திருவிழா வேறு என்று பிரிந்ததில் எங்களைப் போன்றவர்களுக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது. திருவிழாவுக்கு வரும் சொந்தக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது பொடி கேட்பார்கள், அதுதான் கோடை விற்பனை.

19 மே

கோடை மழையில் வடகம் போச்சு. முதல் நாள் காய்ந்ததை அடுத்த நாள் மாடியில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன், சடசடவென்று பிடித்துக்கொண்டது. பாதி காய்ந்த வடகம் ஒரு நனைச்சல் பட்டால் அவ்வளவுதான், புளித்து நாறும். இந்த நஷ்டத்தையும் விலையில் சேர்க்க வேண்டும். வத்தல், வடகம் போடுகிறவர்கள் பத்தில் ஒரு பங்கு போகும் என்று வைத்தே விலை சொல்லுங்கள்.

12 ஜூன்

பள்ளிக்கூடம் 10-ஆம் தேதி திறந்தாயிற்று, இப்போதுதான் இங்கே எழுத முடிகிறது.

"பிள்ளைய பாத்துக்கிட்டே சம்பாதிக்கலாம்" என்று விளம்பரம் போடுகிறார்களே, அதைப் பற்றி ஒரு சகோதரி கேட்டிருந்தார். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. வத்தல் வறுக்கும்போது ஒரு நிமிஷம் திரும்பினால் கருகிவிடும். கருகினால் அந்த ஈடு முழுவதும் கசக்கும். குழந்தை அழுதால் அடுப்பை அணைக்க வேண்டும். அணைத்து மறுபடி ஏற்றினால் நேரமும் கேஸும் கூடுதல். ஆகவே பிள்ளை தூங்கும் நேரம், பள்ளிக்குப் போன நேரம், இரவு பத்துக்கு மேல் என்று பிரித்துப் பிரித்துச் செய்கிறோம். அதற்கு "சும்மா இருக்குற நேரம்" என்று பெயர் வைத்தவர்கள் அந்த இரவு பத்து மணியைப் பார்த்ததில்லை.

லீவில் பையன்தான் போன் எடுப்பான். ஒரு புது வாடிக்கையாளர், "அம்மா இருக்காங்களா தம்பி?" என்று கேட்டதற்கு, "இருக்காங்க, ஆனா மிளகா வறுக்குறாங்க. இப்ப குடுத்தா உங்களுக்குத் தும்மல் மட்டும்தான் கேக்கும்" என்றிருக்கிறான். அவர் அன்றைக்கே அரைக் கிலோ சொன்னார். வறுத்து அரைக்கிறார்கள் என்ற நம்பிக்கை வந்துவிட்டதாம்.

6 ஜூலை

பதிவு பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். உணவுப் பொருள் விற்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம், வீட்டில் செய்தாலும்தான். 2024 நிலவரப்படி, ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்றால் சாதாரணப் பதிவு போதும், கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய். ஒரே தடவையில் ஐந்து வருஷம் வரைக்கும் கட்டலாம். 14 இலக்க எண் வரும், அதைக் கவரில் அச்சடிக்க வேண்டும். சிறு தொழிலுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு முழுக்க இலவசம், ஆதாரும் பான் எண்ணும் வேண்டும்.

ஆனால் நடப்பதைச் சொல்கிறேன். தெருமுனையில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இரண்டுக்கும் சேர்த்து 2,500 கேட்டார். 100 ரூபாய்க் காரியம்! உதவி செய்கிறவருக்கு 150, 200 கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை, அவரும் வயிற்றுப்பாட்டுக்குத்தான் உட்கார்ந்திருக்கிறார். சட்டம் தெரியாது என்பதை வைத்துப் பல மடங்கு வாங்குவதுதான் பொறுக்கவில்லை. வெளியே கொடுக்கும் முன் மகளோ தம்பியோ யாராவது செல்போனில் போட்டுப் பார்க்கட்டும்.

22 ஜூலை

கரண்ட் கட்டணம் இம்மாதம் 1-ஆம் தேதியிட்டு ஏறிவிட்டது. ஏப்ரல் கணக்கில் நான் கரண்ட்டைத் தனியாகப் போடவில்லை, அப்போது எல்லாமே மில்லில் அரைத்தேன். மதினி மிஷின் வாங்கியபின் அவர் வீட்டில் அரைக்கிறோம், ஆகவே அதையும் எழுத வேண்டியிருக்கிறது.

2024 கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் நின்றால் ஒரு கணக்கு. 501 ஆனால் 101-லிருந்தே வேறு கணக்கு, கீழ்ப் படியின் மலிவு விலை போய்விடும். அதனால் மதினி மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்று எண்ணைக் குறித்துக்கொண்டுதான் மிஷினைப் போடுகிறார். ரீடிங் எடுக்கும் நாள் நெருங்கினால் அரவை நிற்கும்.

இதில் இன்னொரு பயம். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய்க்கான தகுதியில், வீட்டு மின்சாரம் வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும் என்று உண்டு. இரண்டு மாதத்துக்கு 600. மிஷின் ஓடினால் அதைத் தாண்டுமோ என்று குழுவில் ஒரு அக்கா ஆர்டரையே குறைத்துவிட்டார். 2023 செப்டம்பர் 15-இல் காஞ்சிபுரத்தில் முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்தபோது, இது உதவித் தொகை இல்லை, உரிமைத் தொகை என்றார்கள். பெண்ணின் வீட்டு வேலைக்கு மதிப்பு உண்டு என்று ஒரு அரசாங்கம் சொன்னது எனக்கு உண்மையாகவே நெஞ்சு நிறைந்த விஷயம். அதே பெண் வீட்டில் ஒரு மிஷின் போட்டு நாலு காசு பார்த்தால் அந்த ஆயிரத்துக்கு ஆபத்து வரலாம் என்றால், அந்த இடத்தைத் திருத்த வேண்டும். தொழில் மீட்டரை வேறாகக் கணக்கில் எடுக்கலாம், உத்யம் பதிவு உள்ள வீட்டுக்கு வரம்பைக் கூட்டலாம். எங்கள் வார்டு கவுன்சிலரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

உத்யம் பதிவு செய்தால் ஆயிரம் நின்றுவிடும் என்று ஒருவர் பயமுறுத்தியிருக்கிறார். அப்படி இல்லை. ஆண்டுக்கு 50 லட்சத்துக்கு மேல் வியாபாரம் செய்து ஜி.எஸ்.டி. கட்டுகிறவர்களுக்குத்தான் கிடையாது. ஆண்டு வருமான வரம்பு குடும்பத்துக்கு இரண்டரை லட்சம், அதையும் பாருங்கள்.

14 செப்டம்பர்

கோவைக் கூட்டத்தில் ஓட்டல்காரர் ஒருவர் நிதி அமைச்சரிடம், பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம், கஸ்டமர் "ரெண்டையும் தனித்தனியா குடு, நானே வச்சுக்கிறேன்"னு சொல்றார் என்று பேசியது வீடு வீடாக ஓடுகிறது. அப்புறம் அவர் மன்னிப்புக் கேட்கும் வீடியோவும் வந்தது. முதல் வீடியோவைப் பார்த்துத் தெருவே சிரித்தது. இரண்டாவதைப் பார்த்து அத்தை டி.வி.யை அணைத்துவிட்டு, "கேள்வி கேட்டவன் எதுக்குய்யா மன்னிப்புக் கேக்கணும்?" என்றார். எனக்கும் அதேதான். நாளை நான் ஒரு கூட்டத்தில் எழுந்து பொடிக் கணக்கைக் கேட்டால் என் பிள்ளை அதைத் தலை நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

20 லட்சம் விற்றால் ஜி.எஸ்.டி. எடுக்க வேண்டும் என்று எழுதிய தம்பிக்கு: அது சேவைத் தொழிலுக்கு. பொருள் விற்பவர்களுக்கு இங்கே 40 லட்சம். அப்பளத்துக்கு வரியே இல்லை, இட்லி மாவுக்கு 5 சதவீதம். ஆன்லைன் தளத்தில் விற்றாலே ஜி.எஸ்.டி. கட்டாயம் என்று இருந்ததையும் 2023 அக்டோபர் 1 முதல் தளர்த்திவிட்டார்கள். வரம்புக்குள் இருப்பவர்கள் நம் மாநிலத்துக்குள் மட்டும் விற்கலாம். சென்னையில் இருக்கும் மகளுக்குப் பொடி அனுப்பச் சொல்லும் அம்மாக்கள் இருக்கும்வரை எனக்கு மாநிலத்துக்குள்ளேயே போதும்.

27 அக்டோபர்

வெள்ளிக்கிழமை பெய்த மழையை இந்த ஊர் மறக்காது. செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர். எங்கள் குழுவில் இருவர் அந்தப் பக்கம்தான். தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கும்போது ஒருவருடைய முறுக்கு மாவு மூட்டை முழுவதும் நனைந்துவிட்டது. வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லி எத்தனை மனு! தொழில் வேறு அரசியல் வேறு என்றவர் இதற்கு என்ன சொல்வார் என்று தெரியவில்லை. சண்டைக்குக் கேட்கவில்லை, அண்ணே. சாக்கடை அடைத்தால் முதலில் நனைவது தரையில் சரக்கு வைத்திருக்கும் பெண்ணின் மூலதனம்.

மாவு போனவருக்கு ஆளுக்கு இரண்டு கிலோ கொடுத்து ஆர்டரை முடித்துவிட்டோம். முறுக்குப் பிழிய எல்லோரும் அவர் தங்கச்சி வீட்டில் கூடினோம். ஒரே சத்தம், ஒரே சிரிப்பு. ஒருத்தி தேன்குழல் அச்சைப் போட்டுவிட்டு முள்ளு முறுக்கு ஏன் வரவில்லை என்று கால் மணி நேரம் மாவைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

10 நவம்பர்

திருமங்கலம் சகோதரி பதில் எழுதியிருக்கிறார். 350 ஆக்கியதும் வாடிக்கையாளர்களில் சிலர் நின்றுவிட்டார்களாம், மாமியாரே "இது அநியாய விலை" என்றாராம். ஏப்ரலில் நாளைக்கே ஏற்றுங்கள் என்று எழுதினேன். விலை சரிதான், அதில் இப்போதும் மாற்றமில்லை. ஏற்றும் முறையைப் பற்றி இப்போது இன்னும் கொஞ்சம் சொல்லத் தோன்றுகிறது. கிலோ விலையைச் சொன்னால் கேட்பவர் உளுந்து விலையோடு ஒப்பிடுவார். 200 கிராம் பாக்கெட் 70 ரூபாய் என்று சொல்லுங்கள், கடையில் இருக்கும் பாக்கெட்டோடு ஒப்பிடுவார். அப்போது வறுத்த வாசம் பேசும். சொந்தக்காரர்களுக்கு இலவசம் வேண்டாம்; பண்டிகைக்கு ஒரு பாக்கெட் நீங்களாகக் கொடுங்கள், மற்ற நாளில் காசு. மாமியாருக்குக் கணக்கு நோட்டைக் காட்டுங்கள். எங்கள் அத்தை ஐந்து மணி நேரக் கூலி என்ற வரியைப் பார்த்தபின்தான், "எனக்கும் காம்பு கிள்ளுறதுக்குக் கூலி போடுத்தா" என்றார். போட்டுவிட்டேன். வாராவாரம் வாங்கி இடுப்பில் முடிந்துகொள்கிறார்.

அடுத்த வேலை வத்தல். ஒவ்வொருத்தரும் தனித்தனியாகச் சில்லறையில் வாங்குவதால் கீழமாசி வீதி மொத்த விலைகூட நமக்குக் கிடைப்பதில்லை. ராமநாதபுரம் குண்டு மிளகாய் மாசி, பங்குனியில் புதுசாக வரும். சேர்ந்து வாங்கினால் பரமக்குடிப் பக்கம் நேராகவே போய் எடுத்து வரலாம், மதினியும் நானும் போகத் தயார். வேண்டியவர்கள் எத்தனை கிலோ என்று கீழே எழுதுங்கள். முன்பணம் வேண்டாம், சரக்கைப் பார்த்தபின் கொடுத்தால் போதும். காம்போடு வேண்டுமா, கிள்ளியது வேண்டுமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்; கிள்ளியதற்கு அத்தையின் கூலி தனி.